பாட்டு முடிந்தும் நிறம் மாறாத தண்ணீர்

அறுபதுகளின் ஆரம்பம் அது. திருவண்ணாமலையில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியையாகச் சேர்ந்து எனக்கு ஒரு வருடம்கூட முடிந்திருக்கவில்லை. கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு போர்ஷன் எடுத்து அம்மாவும் நானும் குடியிருந்தோம். கார்த்திகை தீபம் முடிந்த அடுத்த வாரம், விடாத மழைநாள் ஒன்றில் பள்ளியில் நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

அந்தப் பள்ளியில் எஸ்.எஸ்.எல்.சி.க்கு ரசாயனத்தை விருப்பப் பாடமாக எடுக்க வழியில்லை. லேப் இல்லாததால் அனுமதி இல்லை. ரசாயனம் படித்தே ஆக வேண்டும் என்றால் பையன்கள் பள்ளிக்குத்தான் போக வேண்டும். எந்த அப்பா அனுப்புவார்? கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து படித்த ஒரு பெண், நர்ஸ் படிப்புக்குப் போக வேண்டும், அதற்கு ரசாயனம் வேண்டும் என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லுவாள். "இங்க கெமிஸ்ட்ரி வரலன்னா எங்கப்பா படிப்பையே நிறுத்திடுவாருங்க டீச்சர்" என்பாள். அழுதுகொண்டு சொல்ல மாட்டாள். பஸ் லேட் என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொல்லுவாள். அதனாலேயே எனக்கு அது மனதில் தைத்தது.

எங்கள் தலைமை ஆசிரியை பிடிவாதக்காரர். ஊரில் பெரிய மனிதர்கள் வீட்டுப் படியெல்லாம் ஏறி இறங்கி, கண்ணாடிக் குழாய்களும் அமிலப் புட்டிகளும் வாங்கிச் சேர்த்துவிட்டார். தையல் வகுப்பு நடந்த அறையில் நடுவே தட்டி கட்டி, பாதியை லேபாக்கினோம். மறுபாதியில் தையல் மெஷின் கடகடவென்று ஓடும். இதையெல்லாம் பார்த்து அனுமதி தருவதா வேண்டாமா என்று முடிவு செய்ய, வேலூரிலிருந்து இன்ஸ்பெக்ட்ரஸ் வரப்போவதாகத் தகவல் வந்தது. பெண்கள் பள்ளிகளைப் பார்வையிடும் அதிகாரி. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று மற்ற டீச்சர்கள் பயமுறுத்தி வைத்திருந்தார்கள்.

"அந்தம்மா அசந்து போற மாதிரி ஒண்ணு செஞ்சு காட்டணும்மா" என்றார் தலைமை ஆசிரியை.

எனக்குக் கல்லூரியில் பார்த்த ஒரு சோதனை ஞாபகம் வந்தது. இரண்டு கண்ணாடிக் குவளைகள். இரண்டிலும் இருப்பது பார்வைக்கு வெறும் தண்ணீர்தான். ஒன்றை இன்னொன்றில் ஊற்றினால் எதுவும் நடக்காது. பார்ப்பவர்கள் 'ப்பூ, இவ்வளவுதானா' என்று நினைக்கும் நேரத்தில், கண் சிமிட்டுவதற்குள் மொத்தமும் கருநீல மையாக மாறிவிடும். உள்ளே நடப்பது வேடிக்கையான விஷயம். ஒரு பக்கம் அயோடின் கொஞ்சம் கொஞ்சமாக உண்டாகிக்கொண்டே இருக்கும். கூடவே கலந்திருக்கும் ஹைப்போ என்கிற உப்பு, உண்டாக உண்டாக அதை விழுங்கிவிடும். ஹைப்போ தீர்ந்த மறுகணம், மிச்சமாகிற அயோடின் கஞ்சியைத் தொட்டு நீலமாக்கிவிடும்.

அயோடைடு உப்பும் அமிலமும் பள்ளியில் இருந்தன. மற்றதை ஊரில் தேடினேன். அயோடினை உண்டாக்குகிற ஹைட்ரஜன் பெராக்சைடு மருந்துக் கடையில் கிடைத்தது, காதுக்கு விடுவார்களே அதுதான். ஹைப்போவுக்குத் தேரடி வீதியிலிருந்த போட்டோ ஸ்டுடியோவுக்குப் போனேன். ஸ்டுடியோக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"படம் கழுவுற மருந்து இஸ்கூல்ல என்னாத்துக்குங்க டீச்சரம்மா?"

விவரத்தைச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, ஒரு பொட்டலம் மடித்துக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். "தண்ணி நீலமானா எனக்கும் ஒரு நாள் காட்டுங்க" என்றார்.

கஞ்சிக்கு எங்கள் வீடே போதும். சோறு வடித்த கஞ்சியை நான் துணியில் வடிகட்டிப் புட்டியில் அடைப்பதைப் பார்த்து அம்மாவுக்குத் தாங்கவில்லை. "ஏண்டி, இதுக்காடி உன்ன அவ்ளோ தூரம் படிக்க வெச்சேன்" என்றாள்.

ஒத்திகையில் சோதனை பிரமாதமாக வந்தது. அந்த வருடம் ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டிருந்தது. வெயில் சுள்ளென்று காய்ந்தது. ஊற்றிய சற்று நேரத்துக்கெல்லாம் தண்ணீர் நீலமானது. எத்தனை தடவை செய்தாலும் அதே நேரம்தான். அதைப் பார்த்த தலைமை ஆசிரியைக்கு ஒரு யோசனை உதித்தது.

"வரவேற்புப் பாட்டு கரெக்டா இவ்ளோ நேரம்தான் வருது. நீ ஊத்தினதும் பசங்க பாட ஆரம்பிக்கட்டும். கடைசி வார்த்தை முடியறப்ப நீலமாகட்டும். எப்படி?"

எனக்கும் அது பிடித்துப்போனது. தமிழாசிரியை எழுதிய பாட்டு, 'வருகவே' என்று முடியும். பெண்கள் பாட, நான் ஊற்ற, 'வருகவே' என்ற வார்த்தையோடு சேர்ந்து தண்ணீர் நீலமாகும். அளவைக் கூட்டிக் குறைத்து, சொல்லி வைத்ததுபோல் வரும்படி செய்துவிட்டேன். பெண்கள் கைதட்டிக் குதித்தார்கள். நான் புட்டிகளை ஜன்னல் ஓரத்தில் வரிசையாக, அழகாக அடுக்கி வைத்துவிட்டு, தீபத்துக்குப் பள்ளி விட்ட விடுமுறையில் நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

இன்ஸ்பெக்ட்ரஸ் வந்த அன்று காலையிலும் மழை விடவில்லை. முந்தின நாளே ஆரம்பித்த மழை. மேகம் இறங்கி மலையே தெரியவில்லை. சுவரெல்லாம் ஈரம். பெண்கள் தாவணியைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஜீப் வந்து நின்றது. குடையை மடக்கிக்கொண்டு இறங்கினார் அந்த அம்மாள். உயரம், ஒல்லி, தங்க பிரேம் கண்ணாடி. புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. தட்டிக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின்களைப் பார்த்தார், இந்தப் பக்கம் எங்கள் அலமாரியைப் பார்த்தார்.

"லேப் எங்க இருக்கு?" என்றார்.

"இதுதாங்க" என்றார் தலைமை ஆசிரியை.

இன்ஸ்பெக்ட்ரஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். மேஜை மேல் தலைமை ஆசிரியை தன் கையால் பூவேலை செய்த வெள்ளைத் துணி விரித்திருந்தது. அதன் மேல் என் இரண்டு குவளைகள். வாசல் பக்கம் யாரோ நிற்பது தெரிந்து திரும்பினேன். போட்டோ ஸ்டுடியோக்காரர், தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு. நான்தான் வரச் சொல்லியிருந்தேன், வராமல் இருந்திருக்கலாமே என்று அப்போது தோன்றியது.

ஊற்றினேன். பாட்டு ஆரம்பித்தது. பெண்கள் குளிரை மறந்து நன்றாகவே பாடினார்கள். நான் புன்னகையோடு குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி அடி வந்தது. 'வருகவே' வந்தது. போனது. தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

தலைமை ஆசிரியை என்னைப் பார்த்தார், பிறகு பெண்களைப் பார்த்துக் கண்ணால் ஜாடை காட்டினார். அவர்கள் கடைசி அடியைத் திரும்பப் பாடினார்கள். தண்ணீர் அசையவில்லை. மறுபடியும் ஜாடை. மறுபடியும் 'வருகவே'. இழுத்துப் பாடச் சொல்லித்தான் ஜாடை காட்டுகிறார் என்று நினைத்த ஒரு பெண், சங்கதி வேறு போட ஆரம்பித்துவிட்டாள். கச்சேரியில் பல்லவியைப் பிடித்துக்கொண்டு விடாத வித்வான் மாதிரி அவர்கள் 'வருகவே, வருகவே' என்று வரவேற்றுக்கொண்டே இருந்தார்கள். வரவேற்கப்பட்டவர் எப்போதோ வந்து உட்கார்ந்தாயிற்று.

"ஏம்மா, இன்னும் பாடட்டுமா?" என்று என் காதருகே கிசுகிசுத்தார் தலைமை ஆசிரியை.

எதையாவது கலக்க மறந்துவிட்டேனோ? புட்டி மாறிவிட்டதோ? கீழ்பென்னாத்தூர் பெண் பாடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். குவளையை எடுத்துக் கீழே ஊற்றிவிட்டு, 'மன்னிக்கணும், அடுத்த சோதனைக்குப் போகலாம்' என்று சொல்லிவிடலாம் என்றுதான் அதைக் கையில் எடுத்தேன்.

குவளை ஐஸ் மாதிரி இருந்தது.

ராத்திரியெல்லாம் தாழ்வாரத்தில் மழைச்சாரலில் இருந்த பித்தளைக் குடத்துத் தண்ணீரில் கலந்திருக்கிறேன். எனக்குச் சட்டென்று உறைத்தது. அதோடு ஒரு வேகமும் வந்தது. பாட்டை நிறுத்தச் சொன்னேன். இன்ஸ்பெக்ட்ரஸ் பக்கம் திரும்பாமல் பெண்களிடமே கேட்டேன்.

"போன வாரம் நீங்க எல்லாரும் பார்த்தீங்க. பாட்டு முடியறப்ப நீலமாச்சு. இன்னிக்கு ஏன் ஆகல? யாராவது சொல்லுங்க."

நான் குவளையைக் கீழ்பென்னாத்தூர் பெண்ணிடம் நீட்டினேன். அவள் தொட்டுப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டாள்.

"ஜில்லுனு இருக்குது டீச்சர். நமக்கே கை வெறைச்சுப் போச்சு, அதுக்கும் குளிருது போல."

வகுப்பே சிரித்தது. தலைமை ஆசிரியை மட்டும் கண்ணை மூடிக்கொண்டார். இன்ஸ்பெக்ட்ரஸ் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, ஆனால் நாற்காலியில் சற்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

காப்பி போடுவதற்காக ஆயா பின்கட்டில் வெந்நீர் கொதிக்க வைத்திருந்தார். அதில் ஒரு பாத்திரம் கேட்டு வாங்கி, கை பொறுக்கிற அளவுக்குப் பச்சைத் தண்ணீர் விளாவினேன். ரொம்பக் கொதித்தால் நீலம் நிற்காது. குவளையை அதற்குள் வைத்தேன். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஒன்று, இரண்டு என்று எண்ணக்கூட நேரமில்லை. தண்ணீர் குபீரென்று கருநீலமாகிவிட்டது.

பெண்கள் போட்ட கூச்சலில் தட்டிக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் நின்றது. தையல் டீச்சர் தட்டிக்கு மேலே தலையை நீட்டினார். வாசலில் ஸ்டுடியோக்காரர், "நம்ம ஹைப்போங்க" என்று பக்கத்தில் நின்ற ஜீப் டிரைவரிடம் பெருமையாகச் சொன்னது எனக்குக் கேட்டது.

இன்ஸ்பெக்ட்ரஸ் கையை உயர்த்தினார். அமைதியானோம்.

"சூடு பண்ணினா சீக்கிரம் ஆவுது. சரி. சூடு பண்ணாம சீக்கிரம் ஆக வைக்க முடியுமா?" அவர் கேட்டது என்னையல்ல, பெண்களை.

"மருந்த ஜாஸ்தி ஊத்தலாங்க" என்றாள் சங்கதி போட்ட பெண்.

"எங்க, ஊத்து பார்ப்போம்."

அதே குடத்துக் குளிர்ந்த தண்ணீரில் புதிதாக இரண்டு குவளை கலந்தோம்; ஒன்றில் மட்டும் அவள் பெராக்சைடைக் கூடுதலாக ஊற்றினாள். இந்தத் தடவை காத்திருந்தால் போதும், வெந்நீர் தேவைப்படவில்லை. பழையபடி கம்மியாக ஊற்றிய குவளை பக்கத்தில் வெறுமனே நிற்க, இது நீலமானது. இன்ஸ்பெக்ட்ரஸ் பெராக்சைடு புட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத எங்க வெச்சிருந்தீங்க?"

"ஜன்னல் ஓரத்துலங்க."

"வெளிச்சம் பட்டா இதோட வீரியம் கொஞ்சம் கொஞ்சமா போயிடும். லீவு பூரா அங்கேயே இருந்திருக்கு. பாதி மருந்து செத்துப் போச்சு. உங்க பாட்டு முடிஞ்சும் வராததுக்குக் குளிர் மட்டும் காரணமில்ல."

எனக்கு வெட்கமாகிப் போனது. ஆனால் அவர் குரலில் கண்டிப்பு இல்லை. பெண்களைப் பார்த்து, "வேற எது எது வேகத்த மாத்தும்?" என்றார். நான் பளிங்குக் கல் சோதனையைச் சொன்னேன். ஒரு டெஸ்ட் டியூபில் அமிலத்தில் பளிங்குத் துண்டு ஒன்றைப் போட்டோம். நிதானமாகக் குமிழி விட்டது. இன்னொரு பெண் அதே அளவு கல்லை உரலில் இடித்துத் தூளாக்கினாள். தூளை மெதுவாகப் போடு என்று நான் வாயைத் திறப்பதற்குள் ஒரே கொட்டாகக் கொட்டிவிட்டாள். நுரை சீறிக்கொண்டு வாய் வழியே வழிந்து, தலைமை ஆசிரியையின் பூவேலைத் துணி மேல் ஓடியது. இன்ஸ்பெக்ட்ரஸ் தன் காகிதக் கட்டை அள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"பரவால்லீங்க, வேற துணி இருக்குது, வேற துணி இருக்குது" என்றார் தலைமை ஆசிரியை, யாரும் துணியைப் பற்றிக் கேட்காதபோதே.

அப்போதுதான் அந்த அம்மாள் சிரித்தார். சின்னச் சிரிப்பில்லை, தோள் குலுங்கும் சிரிப்பு. சிரித்துவிட்டுப் புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். அலமாரிக்குப் போனார். அவரே தேடி, மாங்கனீசு டையாக்சைடு என்கிற கறுப்புத் தூள் புட்டியை எடுத்தார். "ஊதுவத்தி இருக்குமா இங்க?" என்றார்.

தலைமை ஆசிரியை அறையில் சாமி படத்துக்கு முன்னால் இருந்த ஊதுவத்தியை ஆயா பற்றவைத்துக் கொண்டுவந்தார். எதற்கென்று புரியாமல், லேபிலும் சாமி படம் ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார். இன்ஸ்பெக்ட்ரஸ் மிச்சமிருந்த பெராக்சைடை ஒரு குழாயில் ஊற்றி, அந்தக் கறுப்புத் தூளில் ஒரு சிட்டிகை போட்டார். சும்மா கிடந்த தண்ணீர் பொரிய ஆரம்பித்தது. புகைந்துகொண்டிருந்த ஊதுவத்தியைக் குழாய்க்குள் விட்டார். நுனி பளீரென்று எரிந்தது. வெளியே எடுத்தார், கனிந்தது. உள்ளே விட்டார், எரிந்தது. திரும்பத் திரும்பச் செய்தார். மழை இருட்டில் அந்தச் சின்னச் சுடரைப் பெண்கள் வாய் பிளந்து பார்த்தார்கள்.

"தூள் அப்படியே இருக்கு பாருங்க, கரையல. தான் மாறாம பக்கத்துல இருந்தே வேகப்படுத்திட்டுது" என்று காட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நானும் கெமிஸ்ட்ரிதாம்மா படிச்சேன். இந்த உத்தியோகத்துக்கு வந்தப்புறம் டெஸ்ட் டியூப தொடவே இல்ல. போற இடமெல்லாம் ரிஜிஸ்டர்தான் நீட்டுறாங்க."

காப்பி வந்தது, ஆறிப்போயிருந்தது. அவர் அதையே குடித்தார். குடித்துவிட்டு, "அந்தப் பாட்டோட சேர்த்து ஒரு தடவ பார்க்கணுமே" என்றார்.

இந்தத் தடவை அளவைப் பெண்களே முடிவு செய்தார்கள். மருந்து செத்திருக்கிறது, அதனால் ஜாஸ்தி ஊற்ற வேண்டும் என்றாள் ஒருத்தி. அவ்வளவு வேண்டாம், தண்ணீரைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக்கினால் போதும் என்றாள் இன்னொருத்தி. அங்கேயே ஒரு சின்னச் சண்டை நடந்து, இரண்டையும் பாதிப் பாதியாகச் செய்வதென்று சமாதானம் ஆனது. நான் குறுக்கே பேசவில்லை. ஊற்றியது கீழ்பென்னாத்தூர் பெண். பாட்டு ஆரம்பித்தது. கடைசி அடி வந்தது. பெண்கள் 'வரு' என்று சொல்லி முடித்ததுமே தண்ணீர் நீலமாகிவிட்டது. மிச்ச 'கவே'யை யாராலும் பாட முடியவில்லை, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். இன்ஸ்பெக்ட்ரஸ்தான் தனியாக 'கவே' என்று முடித்துவைத்தார்.

போகும்போது அனுமதி தருகிறேன் என்றோ இல்லையென்றோ அவர் சொல்லவில்லை. "அந்தத் தையல் மெஷின வேற ரூமுக்கு மாத்துங்க. தண்ணிக் குழாய் ஒண்ணு போடுங்க" என்று மட்டும் தலைமை ஆசிரியையிடம் சொன்னார். ஜீப் தெருமுனை திரும்பும் வரை நாங்கள் மழையிலேயே நின்றோம். "குழாய் போடச் சொன்னா, இல்லன்னு சொல்ல மாட்டாங்க, இல்லம்மா?" என்று தலைமை ஆசிரியை அன்று மாலை வரை என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அனுமதி வந்தது. அடுத்த ஜூனில் ரசாயன வகுப்பு ஆரம்பித்தோம். கீழ்பென்னாத்தூர் பெண் முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். பிறகு வேலூரில் நர்ஸ் படிப்பில் சேர்ந்தாள். அமிலம் பட்ட பூவேலைத் துணியில் சில நாளில் ஓட்டைகள் விழுந்தன. தலைமை ஆசிரியை அதைத் தூக்கிப் போடவில்லை, லேபில் கை துடைக்க மாட்டிவிட்டார்.

எனக்கு வந்த மாற்றம் வேறு. அதற்கு முன்பெல்லாம் ஒரு சோதனை சரியாக வராவிட்டால், பெண்கள் பார்ப்பதற்குள் கீழே ஊற்றிவிடுவேன். அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை அப்படி ஒரு தடவைகூடச் செய்யவில்லை. வராத சோதனையை மேஜை நடுவில் வைத்து, "ஏன் வரல, சொல்லுங்க" என்று கேட்பேன். அந்தப் பாடங்களைத்தான் என் மாணவிகள் பேரப்பிள்ளைகள் எடுத்த வயதிலும் நினைவு வைத்துக்கொண்டு தெருவில் என்னை நிறுத்திச் சொல்கிறார்கள். வீட்டிலும் வெளியிலும் நான் நினைத்தபடி நடக்காத காரியங்கள் எத்தனையோ வந்து போய்விட்டன. ஆனால் நாலு பேர் முன்னால் 'இது ஏன் ஆகவில்லை?' என்று வாய்விட்டுக் கேட்பதற்கு எனக்கு இருந்த கூச்சம் அந்த மழைநாளோடு போய்விட்டது, அதை இன்றுவரை நான் திரும்பத் தேடவில்லை.